ஏழு நாள் ஓய்வு: சுங்கை சிப்புட் மேசையில் டி அண்ட் டி கூடுதல் விதிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குழு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, சேர்ந்து கதை சொல்லும் மேசை விளையாட்டு) ஆடத் தொடங்கி மூன்றாவது வருடம் ஓடுகிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான். 2024-இல் புதுப் புத்தகங்கள் வந்தபோதும் நாங்கள் மாறவில்லை, கையில் இருப்பதே போதும் என்று விட்டுவிட்டோம். டிஎம் (கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) நான். ஆடுபவர்கள் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, செம்பனை மில்லில் ஷிப்ட் பார்க்கும் தம்பி, ஈப்போவில் வேலை செய்துகொண்டு வார இறுதியில் ஊருக்கு வரும் இரண்டு பேர்.

அந்தப் பதிப்பில் நிறைய விதிகள் 'வேண்டுமானால் சேர்த்துக்கொள்' என்ற கணக்கில் இருக்கின்றன. எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஃபீட்டும் (பாத்திரத்துக்கான தனிச் சிறப்புத் திறமை) மல்ட்டிகிளாஸும்கூட (ஒரே பாத்திரம் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்பில் வளர்வது) 2014 புத்தகத்தில் விருப்ப விதிகள்தான். அந்த இரண்டும் எங்களுக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. இங்கே எழுதுவது நடுவில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவற்றைப் பற்றி. பெரும்பாலும் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருப்பவை.

கதைக்களத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. முள்வேலி போட்ட ஒரு கற்பனை ரப்பர் தோட்டம். ராத்திரியில் கேட் மூடிவிடும், வெளியே காட்டில் ஏதோ திரிகிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. தொழிலாளர் லயங்களுக்கு வேலி போட்டது, ஊரடங்கு, காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குப் போகாதபடி அரிசிக் கட்டுப்பாடு எல்லாம் தாத்தா பாட்டி வாயால் கேட்டவை. அதில் பேயையும் மந்திரத்தையும் கலந்தால் எங்கள் கேம்பெயின், அதாவது தொடர்ந்து ஆடும் கதை.

முதலில் சேர்த்தது கிரிட்டி ரியலிசம் ஓய்வு விதி. செலவான சக்தியைப் பாத்திரங்கள் ஓய்வெடுத்துத்தான் மீட்கும். வழக்கமாக ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) ஒரு மணி நேரம், லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) எட்டு மணி நேரம். இந்த விதியில் ஷார்ட் ரெஸ்டே எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். மில் தம்பி கேட்டதும் சொன்னது: "அண்ணே, ஏழு நாளா? அதுக்குள்ள பேய் வந்து லயத்தையே தின்னுட்டுப் போயிடும் லா."

ஆனால் தேவை இருந்தது. இரண்டு லாங் ரெஸ்டுக்கு நடுவில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரும் என்று எண்ணித்தான் புத்தகம் கணக்குப் போட்டிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆடும் எங்களுக்குக் கதையில் ஒரு நாளைக்கு ஒரு சண்டை வந்தாலே அதிகம். அதனால் விசார்ட் (மந்திரவாதி) ஆடும் டீச்சர் இருக்கிற ஸ்லாட்டையெல்லாம் (மந்திரம் போட ஒன்று செலவாகும், லாங் ரெஸ்டில் திரும்பி வரும்) ஒரே சண்டையில் கொட்டிவிட்டுத் தூங்கப் போவார். ஐந்தாம் லெவலில் அவருக்கு ஒன்பது ஸ்லாட். பக்கத்தில் வார்லாக் (இன்னொரு வகை மந்திரவாதி) இரண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வார்லாக்குக்கு ஷார்ட் ரெஸ்டில் ஸ்லாட் திரும்பி வரும், ஆனால் அந்த ஷார்ட் ரெஸ்ட் எடுக்கக் காரணமே வராது.

விதி மாறியதும் அந்த ஆறு சண்டையும் ஒரு வாரத்துக்குப் பரவின. வேலிக்குள் தூங்கும் ஒவ்வொரு இரவும் ஷார்ட் ரெஸ்ட். வார்லாக்குக்கும், அதேபோல ஷார்ட் ரெஸ்டில் சக்தி திரும்பும் ஃபைட்டருக்கும் கொண்டாட்டம். டீச்சர் முதல்முறையாக "இந்தக் கதவுக்கு மந்திரம் வேணுமா, ஆளை வச்சு உடைக்கலாமா" என்று யோசிக்க ஆரம்பித்தார். எனக்கு வேண்டியிருந்தது இந்த யோசனைதான். பகடை உருளும் முன்னால் மேசையில் ஒரு விவாதத்தைக் கிளப்பாத விதிக்கு என்னிடம் பொறுமை கிடையாது.

இதில் புத்தகம் சொல்லாமல் விட்ட ஓட்டைகள் உண்டு. விசார்ட் சில ஸ்லாட்டுகளை மீட்டுக்கொள்ளும் ஆர்கேன் ரெக்கவரி 'ஒரு நாளைக்கு ஒரு முறை, ஷார்ட் ரெஸ்ட் முடிந்ததும்' என்று எழுதியிருக்கிறது. தினமும் ராத்திரி ஷார்ட் ரெஸ்ட் என்றால் தினமும் ஸ்லாட் திரும்பி வருமே! டீச்சர் அந்த வரியை விரலால் காட்டிச் சிரித்தார். அதை லாங் ரெஸ்டுக்கு ஒரு முறை என்று மாற்றினோம். மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) போன்ற எட்டு மணி நேர மந்திரங்கள் இன்னொரு பிரச்சினை. வாரம் முழுவதற்குமான ஸ்லாட்டில் ஒன்றைக் கொடுத்து ஒரு பகல் பாதுகாப்பு வாங்குவது அநியாயம். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் மந்திரங்களை ஐந்து மடங்கு நீட்டினோம். இந்த இரண்டு திருத்தமும் இல்லாமல் கிரிட்டி ரியலிசத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது ஆறாத காயங்கள். புத்தகத்தின்படி கிரிட்டிக்கல் அடி (பகடையில் இருபது விழுந்த பலத்த அடி) வாங்கினாலும், ஹெச்பி (உயிர்ப் புள்ளி) பூஜ்யத்துக்கு இறங்கினாலும், டெத் சேவில் (சாகாமல் தப்பிக்க உருட்டும் பகடை) ஐந்தோ அதற்கு மேலோ குறைவாக விழுந்து தவறினாலும் காய அட்டவணையில் இருபது முகப் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் கண் போச்சு, இரண்டு என்றால் கை, மூன்று என்றால் கால். இதில் கணக்கு ஒருபக்கம் சாய்கிறது. அரக்கன் ஒரு சண்டையோடு செத்துப்போவான், அவனுக்குக் கண் போனால் என்ன? நம் ஆள் வருடக்கணக்கில் அடிவாங்குகிறவன். எங்கள் வில்லாளி ரோக் (கள்ளத் திறமைக்காரன்) ஒரு கண்ணை இழந்தபின் ஒவ்வொரு அம்புக்கும் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். அதைச் சரிசெய்யும் ரீஜெனரேட் ஏழாம் லெவல் மந்திரம், கிளெரிக் (வைத்திய மந்திரம் தெரிந்த பூசாரி) பதின்மூன்றாம் லெவலுக்கு வர வேண்டும். நாங்கள் இருப்பது எட்டில். அதனால் கிரிட்டிக்கலையும் டெத் சேவையும் நீக்கிவிட்டு, பூஜ்யத்துக்கு இறங்கினால் மட்டும் உருட்டுவது என்று வைத்துக்கொண்டோம்.

அப்படி வைத்தபின் இது ஓய்வு விதியோடு நன்றாகவே சேர்ந்துகொண்டது. அட்டவணையில் சீழ்பிடிக்கும் புண் என்று ஒன்று உண்டு: 24 மணி நேரத்துக்கு ஒரு முறை உச்ச ஹெச்பியில் ஒன்று குறையும். மந்திர வைத்தியம் செய்தால் உடனே ஆறிவிடும். இல்லையென்றால் தினமும் ஒரு மெடிசின் பகடை, பத்து முறை ஜெயிக்க வேண்டும். வழக்கமான ஓய்வில் கிளெரிக் ஒரு ஸ்லாட்டைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஸ்லாட் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும் என்றபோது, புண்ணுக்குச் செலவழிப்பதா, வேலியைக் காப்பதா என்று ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்கச் சண்டை போட்டார்கள். அன்று பகடையை யாரும் சரியாகத் தொடவே இல்லை.

ஃபிளாங்கிங் சீக்கிரம் போய்விட்டது. எதிரியின் இரண்டு பக்கமும் ஆள் நின்றால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) என்பது ரொம்ப மலிவு. பார்பேரியன் தன்னை ஆபத்தில் தள்ளி ரெக்லெஸ் அட்டாக்கில் வாங்குவதை மற்றவர்கள் இரண்டடி நகர்ந்து வாங்கிக்கொள்கிறார்கள். தவிர, கட்டம் போட்ட பாய் வேண்டும், நாங்கள் பாதி நாள் வாயாலேயே ஆடுகிறோம்.

சுமை விதியில் எல்லாம் பவுண்டு. மலேசியாவில் யாருக்கு வரும் அந்தக் கணக்கு? அதைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டோம்: கேட்டைத் தாண்டும்போது உடம்பில் எவ்வளவு அரிசி ஒளித்திருக்கிறாய்? மற்ற எடை எதையும் எழுதுவதில்லை. கேட் சோதனைக் காட்சிகள் சண்டைகளைவிடப் பதட்டமாக ஓடுகின்றன.

ஹீரோ பாயிண்ட் பிடித்திருந்தது. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஐந்தும் அதோடு அந்த லெவலில் பாதியும் கிடைக்கும், ஒன்றைச் செலவழித்தால் ஆறு முகப் பகடையைக் கூட்டிக்கொள்ளலாம். லெவல் ஏறும்போது மிச்சம் போய்விடும். நாங்கள் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கணக்கு வைப்பதில்லை, லெவல் எப்போது ஏறும் என்று எனக்கு மட்டுமே தெரியும். அதனால் பதுக்கிவைக்கும் பழக்கம் தானாகக் குறைந்தது.

சானிட்டி (மனத்தெளிவு) மதிப்பெண்ணை நான் சேர்க்கவில்லை. பயத்தை வார்த்தையால் கொண்டுவர முடியாத டிஎம்முக்கு அது உதவலாம். எங்கள் மேசையில் பாட்டி சொன்ன கதையே போதுமானது.

இப்போது டீச்சரின் மகனும் வந்து உட்கார்கிறான். 2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தின் சைட்கிக் (துணைப் பாத்திரம்) விதியில் அவனுக்கு ஒரு வாரியர் கொடுத்திருக்கிறேன். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டாம், லெவல் ஏறினாலும் சேர்வது கொஞ்சம்தான். இதுவரை தேறுகிறது. இரண்டு வாரமாக அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தனக்கு எப்போது மந்திரம் வரும்? ஸ்பெல்காஸ்டர் (மந்திரம் போடும்) சைட்கிக்கும் அதே புத்தகத்தில் இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை.