மூவாயிரம் ரூபாய் 'ஆல்ப்ஸ் பூ' தண்ணீர்: பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

மால்களில் இருக்கும் அழகுசாதனக் கடைகளில் எடெல்வைஸ் என்ற ஆல்ப்ஸ் மலைப் பூவின் சாறு கலந்த, மேக்கப்பைத் துடைத்தெடுக்கும் மைசெல்லர் வாட்டர் என்று ஒன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். 200 மில்லி 3,200 ரூபாய். நான் வாங்கிய கடையின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விற்பனைப் பெண் என் புறங்கையில் லிப்ஸ்டிக்கால் ஒரு கோடு, காஜலால் ஒரு கோடு இழுத்தார். பஞ்சை வெறும் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். கருப்பும் சிவப்புமாக ஈஷிக்கொண்டது. அப்புறம் அவர்களுடைய பாட்டிலிலிருந்து நாலு சொட்டு. ஒரே துடைப்பில் கை பளிச்! "பாத்தீங்களா மேடம், எல்லாம் அந்தப் பூவோட பவர்!"

பூவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மைசெல்லர் வாட்டர் எதுவானாலும் அதில் எண்ணெய்ப் பசையை இழுக்கும் சர்ஃபேக்டன்ட் கொஞ்சம் இருக்கும், வேலை செய்வது அதுதான். மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை வைத்து வீட்டில் அதே கோடுகளைத் துடைத்துப் பார்த்தேன். அப்படியே போனது.

விலை ஸ்டிக்கரை எங்கே ஒட்டியிருந்தார்கள் தெரியுமா? சரியாக உட்பொருள் பட்டியலின் மேல். நகத்தால் சுரண்டினால் தண்ணீர், கிளிசரின் என்று போய், ஃபீனாக்ஸிஎத்தனால், பர்ஃப்யூம் எல்லாம் தாண்டி, கடைசியில் லியோன்டோபோடியம் அல்பைனம். அதுதான் எடெல்வைஸ். 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவு குறையும் வரிசையில்தான் எழுத வேண்டும். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. அதற்குப் பின்னால் நிற்கும் பூ எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "மலை வாசனை" என்று மோந்து பார்க்கச் சொன்னார்களே, அது பர்ஃப்யூம்.

"முகம் கழுவவே வேண்டாம்" என்றும் சொன்னார்கள். மறுநாள் காலையில் கண்ணோரமும் மூக்கோரமும் சிவந்து எரிந்தது. வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம் என்றார் தோல் மருத்துவர். எந்த மைசெல்லர் வாட்டரானாலும் துடைத்தபின் தண்ணீரில் கழுவிவிடச் சொன்னார். நிறுத்தியதும் அடங்கிவிட்டது.

கடைக்குப் போனால், "சீல் உடைச்சிட்டீங்க, எடுத்துக்க முடியாது." சரி, இறக்குமதி செய்தவர் யார் என்று கேட்டேன். இறக்குமதி அழகுசாதனம் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். என் பெட்டியில் ஒன்றுமில்லை. மேனேஜர் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்" என்றார். திரும்ப எடுப்பது பற்றி பில்லில் ஒரு வரி இல்லை. அப்படிக் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இதைச் சொன்னதும் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது!

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். அதன் பிறகுதான் கடையிலிருந்து கூப்பிட்டு, கிஃப்ட் வவுச்சர் தருகிறோம் என்றார்கள். அதே கடையில் இன்னொரு பாட்டில் வாங்கவா? பணமாகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பில்லும், பாட்டிலும், சுரண்டிய ஸ்டிக்கரோடு அந்தப் பெட்டியும் பத்திரமாக இருக்கின்றன.