மொட்டை மாடியில் சினிமா: வாடகை புரொஜெக்டர் எப்படி?

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவள் நான். இப்போது எழுதும் நாவல் பாதிக்கு மேல் ஒரு ஆன்லைன் கேமுக்குள்ளேயே நடக்கிறது, திருநகரில் எங்கள் தெருப் பிள்ளைகள்தான் அதை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் கிழிப்பவர்கள். அவர்களுக்கு மமோரு ஹொசோடா இயக்கிய 'பெல்' (2021) என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பெரிய திரையில் காட்ட ஆசைப்பட்டு, ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர் மூன்றையும் ஓர் இரவுக்கு 1,800 ரூபாய்க்கு எடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம், விசாரித்த மற்ற கடைகளிலும் ஏறக்குறைய இதே சரக்குதான்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரொஜெக்டர் எங்கே சறுக்கியது என்று புரியும். ஜப்பானின் கோச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் சுசுவுக்கு, அம்மா போனதிலிருந்து வாயில் பாட்டு வராது. 'யூ' என்ற மெய்நிகர் உலகத்துக்குள் நுழைந்துவிட்டாலோ ஊரே கொண்டாடும் பாடகி. கிராமம் கையால் வரைந்தது, யூ முழுக்க கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். அந்த உலகத்தை வடிவமைத்தவர் எரிக் வாங் என்ற லண்டன் கட்டடக் கலைஞர். அடுக்கடுக்கான கட்டடங்கள், நடுவே மிதக்கும் பொடிப்பொடி உருவங்கள் என்று கண்ணுக்கு அவ்வளவு வேலை.

அந்தப் பொடி உருவங்கள்தான் காணாமல் போயின. பெட்டியில் '1080 பி சப்போர்ட்', அதாவது ஃபுல் எச்டி ஓடும் என்று போட்டிருப்பார்கள், அதற்கு அர்த்தம் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும்தான். புரொஜெக்டருக்குள் நிஜமாக இருந்தது 1280க்கு 720, அதாவது படத்தை உண்டாக்கும் சுமார் 9.2 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டிக்கு 20.7 லட்சம் வேண்டும், பாதிகூட இல்லை. போதாததற்கு ஸ்டூல் உயரம் பத்தாமல் படம் கோணலாக விழ, கீஸ்டோன் என்ற கோணல் திருத்தும் வசதியை வைத்து நேராக்கினார்கள்; அதில் இன்னும் கொஞ்சம் மங்கியது. யூவின் கூட்டம் முழுக்க வண்ணப் பொடி தூவிய மாதிரி ஆகிவிட்டது. கிராமத்து ஆறும் பாலமும் மட்டும் பளிச். "அக்கா, ஊருதான் நல்லாருக்கு, கேம் கலங்கலா இருக்கு" என்றான் ஒருவன். ஊர் சப்பென்று இருக்க வேண்டும், யூ மயக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பெண் ஏன் அங்கேயே கிடக்கிறாள் என்பது உறைக்கும்!

கொண்டுவந்த தம்பியிடம் கேட்டால், "ஐபிஎல்லுக்கெல்லாம் இதத்தான்க்கா அனுப்புறோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல" என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். பச்சை மைதானமும் வெள்ளை வெளிச்சமும் எதில் போட்டாலும் தெரியும். படத்தில் யூவுக்குள் இருக்கும் இருட்டான கோட்டைக் காட்சி வரும்போதுதான் வண்டவாளம் தெரிகிறது, எங்கள் தெருவிளக்கு வேறு நேராகத் திரையில் அடித்ததில் கறுப்பெல்லாம் சாம்பல்.

ஸ்பீக்கரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கோயில் கொடைக்குப் போகிற மரப்பெட்டி ஸ்பீக்கர், பாட்டு ஆரம்பித்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மா மாடியேறி வந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். எங்களிடம் இருந்தது ஜப்பானிய ஒலியும் ஆங்கில சப்டைட்டிலும்தான், அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி என் தொண்டை போனது தனிக்கதை.

மேட்சுக்கும் பிறந்தநாள் வீடியோவுக்கும் தாராளமாக எடுக்கலாம். இந்த மாதிரி அனிமேஷன் படத்துக்கு என்றால் 'நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு, ஆன்சி லூமென்ஸ் எவ்வளவு' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். முதலாவது உள்ளே நிஜமாக இருக்கும் புள்ளிகள், இரண்டாவது ஆன்சி என்ற தர முறைப்படி அளந்த வெளிச்சம். பெட்டியில் வெறும் லூமென்ஸ் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அட்வான்ஸுக்குப் பதில் ஆதார் ஒரிஜினலைக் கேட்பார்கள், ஜெராக்ஸ் கொடுத்தாலே போதும், கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள்.