பிரிக்ஃபீல்ட்ஸ் டச்சு வகுப்பு: 900 ரிங்கிட்டுக்குத் தகுமா?

நெதர்லாந்தில் இருக்கும் ஐந்தோவனுக்கு வேலைக்குப் போகும் முன், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் டச்சு வகுப்புக்கு எட்டு சனிக்கிழமை போனேன், 900 ரிங்கிட். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது கேஎல் திரும்பியாகிவிட்டது. வகுப்பு எப்படி என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால்தான் இது. குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

முதல் ஏழு வாரம் இலக்கணம்தான். ஆங்கிலத்து 'the' மாதிரி, எந்தச் சொல்லுக்கு முன் 'டெ', எந்தச் சொல்லுக்கு முன் 'ஹெட்' என்று மனப்பாடம், அப்புறம் தொண்டையில் மீன்முள் மாட்டிய மாதிரி அந்த 'க' ஒலிக்கு அரைமணி நேரப் பயிற்சி. ஐந்தோவனில் இறங்கினால் தெற்குப் பக்கத்து ஆட்கள் அதை மென்மையாகத்தான் சொல்கிறார்கள்! நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது வேறு கதை. மலாய் தெரிந்த நமக்கு 'செனாங்', 'பிசாங்', 'தோக்கோ' எல்லாம் டச்சிலும் இருக்கிறது, டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவை ஆண்ட காலத்தில் போனவை. அதை டீச்சர் ஒரு நிமிடத்தில் தாண்டிவிட்டார், எனக்கு வருத்தம்தான்.

கொடுத்த காசு எட்டாவது வகுப்பில் திரும்பி வந்தது. டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு, அங்கே பல வருடம் வாழ்ந்த கதையைச் சொன்னார். இங்கே "மச்சான், மாமாக் கடைல இருக்கேன், வா" என்றால் பத்து நிமிடத்தில் ஆள் வந்துவிடும். அங்கே டைரியைப் புரட்டி மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமையைச் சொல்வார்கள், அது மறுப்பு இல்லை என்றார். எனக்கும் ஒருவர் அப்படித்தான் நாள் சொன்னார். நாசூக்காகக் கழற்றிவிடுகிறார் என்றே நினைத்தேன், ஆனால் அந்த வியாழக்கிழமை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

பிறந்தநாள் விஷயமும் அன்று சொன்னதுதான். நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், பிறந்தநாள்காரருக்கு மட்டும் இல்லை, அவர் பாட்டிக்கும் மச்சினனுக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டே ஒரு சுற்று வரவேண்டும். பாட்டிக்கு எதற்கு வாழ்த்து என்று கேட்காதீர்கள், சொல்லிவிடுங்கள். ஆறு மணிக்கே சாப்பிட்டு முடிப்பவர்கள் என்பதை மட்டும் டீச்சர் விட்டுவிட்டார். நம் வீட்டு நினைப்பில் வெறும் வயிற்றோடு ஏழரைக்குப் போனேன். காபி, ஒரு துண்டு பழக் கேக், அப்புறம் கடுகுச் சாந்தோடு சீஸ் துண்டுகள், அவ்வளவுதான். காசு கேட்டு லிங்க் அனுப்பும் 'டிக்கி' ஆப் பற்றியும் டீச்சர் மூச்சு விடவில்லை. குடித்த ஒரு காபிக்குக் காசு கேட்டு மறுநாள் கைப்பேசியில் லிங்க் வந்தபோது முகம் சுருங்கிவிட்டது, பிறகுதான் அங்கே எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள் என்று தெரிந்தது.

"ஏதாவது கிளப்பில் சேர்ந்துடுங்க" என்றாரே, அது தங்கமான வார்த்தை. பேட்மிண்டன் கிளப்பில் சேர்ந்தேன். உறுப்பினர்கள் முறைவைத்து அங்குள்ள பாரில் வேலை செய்ய வேண்டும். அறுபது வயது மனிதர் ஒருவரோடு பியர் ஊற்றி, கிளாஸ் கழுவி, அப்படித்தான் எனக்கு அங்கே முதல் சிநேகிதர் கிடைத்தார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பார்க்கிங் கிடைக்காது, கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடுங்கள். அந்தச் சிநேகிதர் டிசம்பரில் இங்கே வருகிறார், எந்த நாள், எத்தனை மணிக்கு வாழையிலைச் சாப்பாடு என்று மார்ச்சிலேயே கேட்டு எழுதிக்கொண்டார்.