வெளிநாட்டுக் கோழி என்று சொல்லி 8,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், ஏமாறாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். கறி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு மூன்று மாதமாக சிறுநீர்த் தொற்று. சிறுநீரில் உள்ள கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற கல்ச்சர் டெஸ்டில் பாதி மருந்துக்கு நேராக 'ரெசிஸ்டன்ட்' என்று வந்தது, அதாவது அந்த மருந்துகளுக்கு அந்தக் கிருமி சாகாது. கோழிக்கறிதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நோயே இல்லாத கோழிக்கும் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்து கலந்து கொடுத்தால், அதற்குத் தப்பிய கிருமிதான் பண்ணையில் பெருகும் என்று தெரிந்த பிறகு மனசு கேட்கவில்லை. வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகப் போடுகிற கொலிஸ்டினைக் கூடக் கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2019ல்தான் மத்திய அரசு தடை போட்டது.

புதுச்சேரியில் ஒரு ஃப்ரோசன் இறைச்சிக் கடை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து கடலூர் வரைக்கும் டெலிவரி. நேரில்தான் போனேன். அந்தத் தம்பி அம்மாவின் வயசு, சுகர் இருக்கிறதா, என்ன மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். "ஐரோப்பாவுல கோழி வளரணும்னு ஆன்டிபயாட்டிக் கொடுக்கறத 2006லயே நிறுத்திட்டாங்க அக்கா, இது அங்கேருந்து வர்ற சரக்கு" என்றார். 2006 தடை உண்மை. ஆனால் நோய் வந்த கோழிக்கு அங்கேயும் மருந்து கொடுப்பார்கள், அதை அவர் சொல்லவில்லை. வாரம் ஒரு கிலோ, கிலோ 700 ரூபாய், 12 வாரத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் தருவோம் என்றார். 8,400 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

மூன்றாவது வாரப் பாக்கெட்டைத் தண்ணீரில் போட்டபோது மேல் ஸ்டிக்கர் கழன்று வந்தது. உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், கோயம்புத்தூர் பக்கத்து முகவரி, பேக்கிங் தேதி பதினோரு மாதத்துக்கு முந்தியது. பையின் அடியில் ரத்தத் தண்ணீர் தட்டையாக உறைந்து கிடந்தது, ஒரு தடவை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. முதல் இரண்டு பாக்கெட்டையும் அம்மா சாப்பிட்டுவிட்டார்கள்.

போன் செய்தால் முதல் நாள் "ஓனர் ஊருக்குப் போயிருக்காரு". இரண்டாம் நாள் "அது சப்ளையர் ஒட்டுனது, எங்களுக்குத் தெரியாது". அப்புறம் பில் கேட்டார்கள். அவர்கள் கொடுத்ததே தேதி கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு! பஸ் பிடித்து நேரில் போனால் அதே தம்பி, அம்மாவைப் பற்றி நோட்டில் எழுதிய அதே தம்பி, என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றார். "அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது, வேணும்னா முட்டையா எடுத்துக்குங்க" என்றார். சாயங்காலம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 8,400 ரூபாய், அம்மாவின் ஒரு மாத மருந்துச் செலவு.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே பிரித்துப் பாருங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகாது, நன்றாக வேகவைத்தால்தான் சாகும், கறி வெட்டின பலகையில் அப்படியே காய் நறுக்காதீர்கள். மொத்தப் பணம் முன்னாடியே கட்டாதீர்கள், எவ்வளவு அன்பாகப் பேசினாலும்.

நுகர்வோர் உதவி எண் 1915. காலையில் அதற்குத்தான் முதல் போன் போடப் போகிறேன், கழன்ற ஸ்டிக்கர் இரண்டையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.