ஸ்வாப்பைக் கூட்டுவதா, கம்பைலரை இடம் மாற்றுவதா?

2 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய 32 பிட் லினக்ஸ் கணினியில் சி பிளஸ் பிளஸ் நிரல் ஒன்றைக் கம்பைல் செய்ய, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்ற, பல நாள் மல்லுக்கட்டினேன். டெம்ப்ளேட்டுகள் (கம்பைலரே விரித்துக்கொள்ளும் நிரல் வார்ப்புகள்) மண்டிய ஒரே ஒரு கோப்புதான் தொல்லை. அதைத் தொட்டதும் ஜிசிசி கம்பைலர் விழுந்துவிடும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் வன்தட்டுப் பகுதியான ஸ்வாப்பைக் கூட்டலாம், கம்பைலரின் நினைவகத் தீனியைக் குறைக்கலாம், அல்லது 64 பிட் கணினியில் கம்பைல் செய்து கிடைத்ததைப் பழைய கணினிக்குக் கொண்டுவரலாம். மூன்றையும் பார்த்துவிட்டுக் கடைசி வழியில் நின்றுவிட்டேன்.

ஸ்வாப்தான் எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம். நானும் 4 ஜிபி சேர்த்தேன். அரை மணி நேரம் வன்தட்டு கரகரத்தது. பிறகு அதே கோப்பில் அதே சாவு. ஒவ்வொரு நிரலின் நினைவகப் பயன்பாட்டையும் காட்டும் டாப் கட்டளையைத் திறந்துவைத்து மறுபடி ஓட்டினேன். ஜிசிசியின் உள்நிரலான சிசி1பிளஸ் வரியில் ‘விர்ட்’ எண் (நிரல் எடுத்துக்கொண்ட முகவரி வெளியின் அளவு) 3 ஜிபியை நெருங்கியதும் கதை முடிந்தது. ஸ்வாப்பில் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது!

தீர்ந்தது நினைவகம் அல்ல, முகவரி, அதாவது நினைவக இடங்களைச் சுட்ட நிரல் பயன்படுத்தும் எண்கள். 32 பிட் லினக்ஸ் தன் 4 ஜிபி முகவரி வெளியில் வழக்கமாக 3 ஜிபியைத்தான் ஒரு நிரலுக்கு விடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி 2 ஜிபி. எத்தனை ஸ்வாப் ஊற்றினாலும் இந்த வரம்பு அசையாது. எது தீர்ந்தது என்பதைப் பிழைச் செய்தியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ‘கில்டு’ என்று வந்து, கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவிலும் ‘அவுட் ஆஃப் மெமரி’ இருந்தால் ஸ்வாப் உதவும். கம்பைல் வேலைகளை ஓட்டும் மேக் கட்டளையில், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்தாலே கூடப் போதும். ‘வர்ச்சுவல் மெமரி எக்ஸாஸ்டட்’ என்று வந்து ஸ்வாப்பும் மிச்சம் இருந்தால், ஸ்வாப்பை மறந்துவிடுங்கள்.

தீனியைக் குறைப்பது பாதி வைத்தியம். பிழைதிருத்தத் தகவலை நீக்கி, ஆப்டிமைசேஷனைத் தணித்ததில் கோப்பு ஒருமுறை தேறியது. அடுத்த வாரம் இன்னொரு தலைப்புக் கோப்பைச் சேர்த்ததும் மறுபடி விழுந்தது. கோப்பைப் பிரித்து எழுதுவதே முறையான தீர்வு. ஆனால் அது அடுத்தவர் எழுதிய நிரல்.

மூன்றாவது வழியில் பராமரிப்புதான் கேள்வி. புதிய அமைப்பில் 2.34 ஜிலிப்சியோடு (லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்) இணைத்த நிரல் பழைய கணினியில் கிளம்பவே கிளம்பாது. அதனால் பழைய கணினியின் நூலகங்களையும் தலைப்புக் கோப்புகளையும் அப்படியே நகலெடுத்து, சிஸ்ரூட்டாக, அதாவது கம்பைலர் அவற்றைத் தேடும் மூல அடைவாக, காட்டினேன். அதில் சில குறியிணைப்புகள் (வேறு கோப்பைச் சுட்டும் கோப்புகள்) முழுப்பாதையில் இருந்ததால் புதிய கணினியின் நூலகங்களையே சுட்டின. அவற்றைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போயிற்று. ப்ராசசர் வகையையும் ஐ686 என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய ப்ராசசருக்குத் தெரியாத கட்டளைகள் நிரலில் நுழைந்துவிடலாம். அதற்குப் பிறகு வேலையே இல்லை. அந்தப் பழைய அமைப்புக்கு இனிப் புதுப்பிப்பு வரப்போவதில்லை, எனவே சிஸ்ரூட்டை மறுபடி நகலெடுக்கும் அவசியமும் வராது.

விண்டோஸில் எனக்குப் பழக்கம் குறைவு. எக்ஸ்பியின் பூட் கோப்பில் 3ஜிபி தெரிவைச் சேர்த்தால் வரம்பு உயரும். ஆனால் பெரிய முகவரிகளை ஏற்பதாகக் குறியிட்ட நிரல்களுக்குத்தான் அது பலிக்கும், கம்பைலருக்கு அந்தக் குறி உண்டா என்று முதலில் பாருங்கள். லினக்ஸில், ப்ராசசர் 64 பிட்டைத் தாங்குமானால் கர்னலை மட்டும் 64 பிட்டாக மாற்றினாலே பழைய 32 பிட் கம்பைலருக்கு ஏறத்தாழ 4 ஜிபி கிடைத்துவிடும். என் கணினியின் ப்ராசசர் அந்த வகை அல்ல.