அயல்நாட்டுக் கேசினோவில் எந்த நாணயத்தோடு உட்காருவது?

அயல்நாட்டில் சூதாடுபவர்கள் மேசையில் தோற்ற பணத்தை நினைவில் வைத்திருப்பார்கள். அந்த மேசைக்கு வருமுன்பே பணமாற்றத்தில் இழந்ததை மறந்துவிடுவார்கள். ஒற்றைப் பூச்சியம் கொண்ட ரூலெட் என்னும் சுழல்சக்கர ஆட்டத்தில் கேசினோவுக்குரிய சாதகம், அதாவது கட்டிய பணத்தில் சராசரியாக அதற்குச் சேரும் பங்கு, 2.7 விழுக்காடு; பக்காரா என்னும் சீட்டாட்டத்தில் ‘பேங்கர்’ என்ற பக்கம் கட்டினால் அது ஏறத்தாழ 1.06 விழுக்காடுதான். இந்தச் சாதகம் ஒவ்வொரு பந்தயத்திலும் திரும்பத் திரும்பப் பிடிக்கப்படுகிறது, பணமாற்றச் செலவோ ஒருமுறையோடு முடிகிறது என்பது உண்மையே. ஆனாலும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் 5 விழுக்காடு இடைவெளி வைத்திருக்கும் பணமாற்று முகப்பில் மாற்றிய பணத்தை, ஒரு பந்தயமும் கட்டாமல் அங்கேயே திருப்பி மாற்றினால் ஏறத்தாழ அந்த 5 விழுக்காடு முழுவதும் போய்விடும்.

ஆகவே, சொந்த நாட்டு நோட்டுகளைக் கேசினோவின் காசாளர் முகப்பில் நீட்டி, பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் கட்டும் சில்லுகள் வாங்குவதைவிட, நகரத்துப் பணமாற்று நிலையங்களில் இரண்டு மூன்றின் விலையை ஒப்பிட்டு மாற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் மேலானது. முகப்பில் கிடைப்பது வசதி மட்டுமே. அதற்கான விலையை மாற்று விகிதத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். முன்கூட்டியே மாற்றுவதில் இன்னொரு நன்மையும் உண்டு, அதையே நான் பெரிதாக மதிக்கிறேன்: அன்றைய இழப்பின் எல்லை, விளையாட்டின் சூடு ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பெருந்தொகையை ரொக்கமாகக் கொண்டு செல்பவர்கள் எல்லையில் அறிவிக்க வேண்டிய வரம்பை அறிந்திருக்க வேண்டும்; அமெரிக்காவில் அது 10,000 டாலர், சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலர்.

அட்டையைப் பயன்படுத்துவதானால் டெபிட் அட்டையும் கிரெடிட் அட்டையும் ஒன்றல்ல. கிரெடிட் அட்டையில் ரொக்கம் எடுத்தால் கட்டணத்தோடு, பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடத் தொடங்கும். எந்த அட்டையானாலும், ஏடிஎம் திரை உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடட்டுமா என்று கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லையேல் விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதில் அந்த இயந்திரத்தை நடத்துபவர் முடிவு செய்வார். சிங்கப்பூர்ச் சட்டம் கேசினோவுக்குள் ஏடிஎம் வைப்பதையே தடுக்கிறது, அது நல்ல ஏற்பாடு.

இத்தனைக்கும் பிறகு, உள்ளூர் நாணயமே எப்போதும் சரி என்று சொல்லிவிட முடியாது. சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவின் (Macau) நாணயம் பட்டாக்கா. ஆனால் அங்குள்ள கேசினோக்களில் பொதுவாகப் புழங்குவது ஹாங்காங் டாலர். 1 ஹாங்காங் டாலருக்கு 1.03 பட்டாக்கா என்று விகிதம் கட்டப்பட்டிருந்தும், கடைகள் பலவற்றில் இரண்டையும் சமமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனவே சூதாட்டத்துக்கென்று பட்டாக்கா வாங்குபவர் இருமுறை மாற்றும் செலவை ஏற்கிறார்; மிஞ்சினால், மக்காவையும் ஹாங்காங்கையும் தாண்டி அதை மாற்றுவதும் கடினம். கம்போடியத் தலைநகரின் நாகாவேர்ல்ட் கேசினோவிலும் அந்நாட்டு நாணயமான ரியலைவிட அமெரிக்க டாலருக்கே இடம். பயணத்துக்கு முன், அந்த மேசையின் சில்லில் எந்த நாணயம் அச்சிடப்பட்டுள்ளது என்று விசாரித்து அதையே வாங்குங்கள். குறைந்தபட்சப் பந்தயம் உங்கள் நாட்டுப் பணத்தில் எவ்வளவு என்பதையும் உட்காருமுன் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.