வேலூரில் மார்புக் கட்டிக்கு ஸ்கேன்: லீவில் வருகிறவர்களுக்கு

மார்பில் தட்டுப்படும் கட்டியை ஊருக்குப் போனதும் காட்டிக்கொள்ளலாம் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கல்யாணம், கோயில் எல்லாம் முடித்துக் கடைசி வாரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) சட்டென்று முடிந்துவிடும். ஊசி போட்டுச் சதை எடுத்தால் (பயாப்சி) ரிசல்ட்டுக்கு நாளாகும். வந்த வாரமே போய்விடுங்கள்.

சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியில் ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு ஓ.பி. உண்டு, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் டாக்டர் கையால் பார்க்க வேண்டும், பிறகுதான் ஸ்கேன். பல கிளினிக்குகளில் வெளியே ஸ்கேன் சென்டருக்கு அனுப்புவார்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாமல் யாரும் ஸ்கேன் மெஷின் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

30 வயதுக்குள் இருந்தால் முதலில் ஸ்கேன். இளவயது மார்பு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் (மார்பு எக்ஸ்ரே) எல்லாமே வெள்ளையாகத் தெரியும். 40 தாண்டினால் இரண்டும் வேண்டும். சில சமயம் புற்றின் ஆரம்ப அடையாளமாக இருக்கும் பொடிப்பொடியான கால்சியம் புள்ளிகளை ஸ்கேன் பெரும்பாலும் தவறவிடும். மேமோகிராமுக்குப் போகும் அன்று பவுடர், டியோடரன்ட் வேண்டாம்; அவையும் புள்ளியாகத் தெரியலாம்.

கையைத் தலைக்கு மேல் தூக்கி, சற்றுச் சாய்ந்து படுக்கச் சொல்வார்கள். படுத்ததும் கட்டி நழுவிவிடும். ஜெல் தடவும் முன்பே உங்கள் விரலால் தொட்டு இடத்தைக் காட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம். கொழுப்புத் திரளும் ஒரு கோணத்தில் கட்டி போலவே தெரியும். மார்பில் வைத்துப் பார்க்கும் கருவியை (புரோப்) குறுக்காகத் திருப்பினால் அது நீண்டு பக்கத்துக் கொழுப்போடு சேர்ந்துவிடும், நிஜக் கட்டி இரண்டு கோணத்திலும் தனியாக நிற்கும். சாதாரண நீர்க்கட்டி முழுக்கக் கறுப்பாக, பின்பக்கம் வெளிச்சமாக இருக்கும். அகலத்தைவிட உயரம் கூடி, ஓரம் முள்முள்ளாக இருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம். அக்குளையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

‘கட்டி உள்ளது’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட், நீங்கள் இருக்கும் நாட்டு டாக்டருக்குப் பயன்படாது. ‘வலது, 10 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ., 14×8×12 மி.மீ.’ என்பது மாதிரி இடமும் (மார்பைக் கடிகார முகமாக நினைத்து மணி சொல்வார்கள்) மூன்று அளவும் வேண்டும், புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் பைராட்ஸ் (BI-RADS) எண்ணும் வேண்டும். 3 என்றால் புற்றுநோய் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறு ஸ்கேன், அதை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே எடுக்கலாம். 4, 5 என்றால் ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். மெல்லிய ஊசியில் செல்தான் வரும். ஸ்கேன் பார்த்தபடி தடித்த 14 கேஜ் ஊசியில் சதைத்துண்டாக எடுத்தால்தான் புற்று பரவத் தொடங்கியதா என்று தெரியும், ஹார்மோன் டெஸ்டும் சரியாகச் செய்ய முடியும். ஸ்கேன் நார்மல் என்றாலும் கையில் கட்டி தெளிவாகத் தட்டுப்பட்டால், டாக்டரிடம் திரும்பக் காட்டாமல் விமானம் ஏறாதீர்கள்.

படங்களை சி.டி.யில் கேட்டு வாங்கி, அங்கேயே திறந்து பாருங்கள். சுருள் தாளில் தரும் பிரிண்டை வேலூர் வெயிலில் காருக்குள் விட்டால் கறுத்துப்போகும். பயாப்சி செய்திருந்தால் ஸ்லைடும் (கண்ணாடித் தகட்டில் வைத்த சதைச் சீவல்) பாரஃபின் பிளாக்கும் (மெழுகில் பதித்த சதைத்துண்டு) கிடைக்குமா என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.